யாருக்கும் வேண்டாத எஜெக்டர்

விசைகள் இரண்டையும் சொடுக்கினேன். குழலை மடக்கித் திறந்தேன். உள்ளே கிடந்த இரண்டு பித்தளைத் தோட்டாக்களும் 'டிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலாகப் பறந்தன. ஒன்று சுவரில் பட்டுத் தரையில் உருண்டது. இன்னொன்று முதலாளி பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாசுக்குள் போய் விழுந்தது.

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற காந்திமதி அம்மா சிரிக்கவில்லை.

"இது எங்க வீட்டுத் துப்பாக்கி இல்ல," என்றார்.

பயப்படாதீர்கள் பிள்ளைகளே, அவை வெடிக்கிற தோட்டாக்கள் அல்ல. துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக் கடையில் வைத்திருந்த டம்மிகள். ஆனால் அந்த அம்மாவின் முகம் உண்மையான தோட்டா பாய்ந்ததுபோல வெளுத்துப்போனது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தேர்தலும் துப்பாக்கியும்

சைக்கிள் கடையை விட்டு ஜங்ஷன் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு நான் வேலைக்குப் போன கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் சொன்னேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்குத் துப்பாக்கிக் கடையில் என்ன வேலை என்று உங்கள் மாமாவே கேட்டார். துடைப்பதுதான் வேலை. எண்ணெய் போடுவது, துடைப்பது, கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பது. கைவிரலில் அந்த எண்ணெய் வாடை போகவே போகாது. உங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

தேர்தல் என்று அறிவித்துவிட்டால் லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம், எங்களைப் போன்ற கடையிலும் கொடுக்கலாம். ஸ்டேஷனில் மூலையில் சாத்திவைத்தால் துருப்பிடித்துவிடும் என்று பலர் எங்களிடம் வருவார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டைச் சீட்டில் பெயரும் ஊரும் துப்பாக்கி நம்பரும் எழுதிக் கட்டிவிடுவேன்.

நான் சொல்லுவது ஓர் உள்ளாட்சித் தேர்தல். எந்த வருடம் என்று கேட்டால் தெரியாது. மழை முந்திக்கொண்டு வந்த வருடம்.

அந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு பெரிய ரைஃபிள்கள் வந்தன. சாதாரணமாக மலையடிவாரத்துக்காரர்கள் கொண்டுவரும் துப்பாக்கி இல்லை. ஒவ்வொன்றிலும் இரட்டைக் குழல், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வாய். தூக்கினால் கை இறங்கும். ஒன்றை அம்பாசமுத்திரத்திலிருந்து காந்திமதி அம்மா பழைய படுக்கை விரிப்பில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றதைப் பாளையங்கோட்டை தேவசகாயம் சார் ஆட்டோவில் கொண்டுவந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர்.

இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று இருந்தது. முதலாளி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"எவனோ ஒருத்தன் பாலிஷ் போடுதேன்னு ரெண்டையும் தேச்சு நம்பரயே முழுங்கிட்டான்," என்றார்.

லைசென்ஸ் புத்தகத்திலும் 'இரட்டைக் குழல் ரைஃபிள் ஒன்று, எண் தேய்ந்துள்ளது' என்றுதான் இருந்தது. இரண்டு புத்தகத்திலும் அதே எழுத்துதான்.

எது உசத்தி?

இங்கே கொஞ்சம் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லுகிறேன்.

இரட்டைக் குழல் ரைஃபிளில் இரண்டே தோட்டாக்கள். இரண்டையும் சுட்டுவிட்டால் நடுவில் மடக்கித் திறந்து, காலி உறைகளை வெளியே எடுத்து, புதிதாகப் போட வேண்டும். அந்தக் காலி உறை எப்படி வெளியே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஜெக்டர் வகை என்றால் திறந்த உடனே அதுவே எத்தித் தள்ளிவிடும். எக்ஸ்ட்ராக்டர் வகை என்றால் ஒரு நகக்கண் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். மீதியை நாம் விரலால் பிடுங்க வேண்டும்.

விசையைச் சொடுக்காமல் சும்மா திறந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். உறையைத் தூக்கும் தகடு எஜெக்டரில் இரண்டாகப் பிளந்திருக்கும், மற்றதில் ஒரே துண்டு. பழகியவர்கள் கண்ணுக்குத்தான் அது படும்.

எது உசத்தி? கடைக்கு வருகிற பழைய ஆட்கள் இதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்த ஒருவர், "எஜெக்டர்தாம்வே துப்பாக்கி. மத்ததெல்லாம் உலக்கை. மிருகம் பாஞ்சு வரும்போது நகத்த வச்சு நோண்டிக்கிட்டா நிப்பீரு?" என்பார். அடுத்த நாள் வருகிற இன்னொருவர், "எஜெக்டர் போடுத சத்தம் இருக்கே, நான் இங்கன நிக்கேன் வான்னு மிருகத்தக் கூப்பிடுத மாதிரி. போதாததுக்கு உள்ள ஆயிரம் ஸ்பிரிங்கு. காட்டுக்குள்ள ஒண்ணு ஒடிஞ்சா எவன் மாத்துவான்? தூக்கிக் குடுக்கதுதான் நம்பிக்கையான சாமான்," என்பார்.

முதல் ஆள் பேசும்போது எனக்கு அவர் சொல்வது சரியாகப் படும். இரண்டாவது ஆள் பேசும்போது இவர் சொல்வது. வேட்டையை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்ட ஊரில் இரண்டு பேரும் இப்படி மூச்சுவாங்கப் பேசுவது ஏன் என்பதும் எனக்குப் புரியாது. விற்கிற விலையில் எஜெக்டர்தான் மேல். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அதனால்தான் அன்றைக்குக் குழம்பிப்போனேன்.

இரண்டு பேருக்கும் மட்டம்தான் வேண்டும்

தேர்தல் முடிந்து துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கும் நாள். காந்திமதி அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "இத்தன வருசம் பெட்டியிலயே கெடந்துட்டு. வேலை செய்யுதான்னு ஒருக்கா காட்டு தம்பி," என்றார். காட்டினேன். டீ கிளாசில் தோட்டா விழுந்தது. இது எங்களுடையது இல்லை என்றார்.

"அம்மா, இது எஜெக்டர். நல்ல சாமான்," என்றேன்.

"நல்ல சாமான யாரு கேட்டா? எங்க வீட்டுது தூக்கிக் குடுக்குறது. எங்க அம்ம சாகுறவரைக்கும் அதத்தான் சொன்னா."

அந்த நேரம் பார்த்துத்தான் தேவசகாயம் சார் படியேறி வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

சார் தன் பெயர்ச் சீட்டு கட்டிய துப்பாக்கியைக் காட்டி, "இதையும் அதே மாதிரி பாரு தம்பி," என்றார். படியேறும்போதே எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கிறது.

கிளாசுக்குள் விழுந்த தோட்டாவைத் துடைத்து, தரையில் உருண்டதையும் எடுத்து, இரண்டையும் போட்டேன். சொடுக்கினேன், திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு தோட்டாக்களும் நகக்கண் அளவுக்கு எழும்பி அப்படியே நின்றன.

தேவசகாயம் சார் பைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே," என்றார்.

"சார், உங்களுது மட்டமான வகைதான்," என்று நான் தேற்றப் பார்த்தேன்.

"அது போதும் தம்பி. எனக்கு அது போதும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். எஜெக்டர் கிடைத்தவருக்கு முகம் வெளுக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் கிடைத்தவர் ஆண்டவரைக் கூப்பிடுகிறார். உலகத்தில் இப்படி உண்டா?

கடமா

கதையைச் சொன்னது காந்திமதி அம்மாதான். காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய அப்பா சங்கரலிங்கம். சாருடைய அப்பா ஞானமுத்து. இரண்டு பேரும் உயிர்க் கூட்டாளிகள். மலையில் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரையிடம் ஆளுக்கு ஒன்றாக இந்த ரைஃபிள்களை வாங்கியிருக்கிறார்கள். ஒன்று எஜெக்டர், ஒன்று எக்ஸ்ட்ராக்டர். அப்போது அனுமதி வாங்கி வேட்டைக்குப் போகலாம். பாபநாசத்துக்கு மேலே ஒரு கடமாவை, அதாவது காட்டெருமையை, இரண்டு பேரும் சுட்டிருக்கிறார்கள். நாலு தோட்டாவும் தீர்ந்த பிறகு அது திரும்பியிருக்கிறது. சங்கரலிங்கத்தின்மேல் பாய்ந்திருக்கிறது. ஞானமுத்து மட்டும் மலையிறங்கி வந்தார்.

"எஜெக்டர் வச்சிருந்தவரு கண்ண மூடித் திறக்கதுக்குள்ள அடுத்த தோட்டா போட்டிருக்கலாம். மத்தவரு நோண்டிக்கிட்டுத்தான் நிக்கணும். எங்க அப்பா நோண்டிக்கிட்டே செத்துட்டாரு. எஜெக்டர் வச்சிருந்தவரு ஓடிட்டாரு. இதான் எங்க அம்ம சொன்னது."

"எங்க அப்பா ஓடல," என்றார் சார். "நோண்டுனது அவருதான். தோட்டா வரல. பாத்துக்கிட்டே நின்னுருக்காரு. இந்தா, இப்ப எல்லாரும் பாத்தாச்சே. எங்க வீட்டுது தூக்கிக் குடுக்கதுதான்."

அந்த அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. சாருக்கு ஏழு. அறுபது வருடமாக இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தத் துப்பாக்கிகளில் அதற்குப் பிறகு யாரும் தோட்டா போடவும் இல்லை. மேலே எண்ணெய் தடவி, லைசென்ஸைப் புதுப்பித்து, பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எது யார் வீட்டில் இருக்கிறது என்று திறந்து பார்க்கப் பயந்துதான் என்று எனக்குப் படுகிறது.

தேவசகாயம் சார் போனை எடுத்தார். அவருடைய அக்காள் திசையன்விளையில் இருந்தாராம். "அக்கா, அப்பா மேல இருந்த பழி போச்சு," என்று சொல்ல ஆரம்பித்தார்.

நான் என் கையிலிருந்த அவருடைய துப்பாக்கியைப் பார்த்தேன். விசைக்குப் பக்கத்தில், கட்டையும் இரும்பும் சேருகிற இடுக்கில், சந்தனம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. சீட்டுகளை நான் அவிழ்த்த நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவிழ்த்த சீட்டு

ஆயுத பூசை அந்த வருடம் துப்பாக்கிகள் எங்கள் பொறுப்பில் இருந்தபோது வந்தது. நம் ஊரில் பேனாவிலிருந்து பஸ் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் நாளில், துப்பாக்கிக் கடை சும்மா இருக்குமா? எல்லாத் துப்பாக்கிகளையும் துடைத்து, கழுவிய வேட்டியை விரித்து வரிசையாகப் படுக்கவைத்தேன். முதலாளி வந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். ஒவ்வொன்றிலும் நான் கட்டிய சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே இசக்கி, ஆஸ்பத்திரிப் பொணத்துக்குக் கால்ல கட்டுன சீட்டு மாதிரி இருக்கு. பூசை வைக்க இடத்துல இது என்ன கோலம்? அவுருல."

அவிழ்த்தேன். அந்தந்தத் துப்பாக்கிக்குக் கீழேயே சீட்டைச் செருகிவைத்தேன். பூசை முடிந்தது. பொரி சிதறிக் கிடந்தது, எறும்பு வந்துவிட்டது. வேட்டியை உதறுவதற்காக எல்லாவற்றையும் தூக்கி மேசைமேல் வைத்தேன். பிறகு நம்பர் பார்த்து ஒவ்வொரு சீட்டாகக் கட்டினேன். இரண்டுக்கு மட்டும் நம்பர் இல்லை. வலது பக்கம் கிடந்தது அம்பாசமுத்திரம் என்று நினைத்தேன். கட்டினேன். அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

சார் போனில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் முதலாளியின் காதருகே போய்ச் சொன்னேன். அவர் உதட்டை அசைக்காமல், "வாய மூடு," என்றார்.

மூடியிருந்தால் வேலையும் நிலைத்திருக்கும், ஒரு வயதான மனிதருக்கு நிம்மதியும் கிடைத்திருக்கும். காந்திமதி அம்மா காலண்டரையும் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது வருடம் தன் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள் என்று நம்ப ஆரம்பித்துவிட்ட முகம் அது. நான் கட்டிய ஒரு சீட்டை வைத்து.

"சார், போன வைங்க," என்றேன். "ஆயுத பூசைக்குச் சீட்ட அவுத்துட்டேன். திரும்பக் கட்டும்போது மாறியிருக்கலாம். மாறாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல."

யார் முகத்தைப் பார்த்தால்

சார் போனை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே அவர் அக்காள் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம்," என்றார் சார். "அஞ்சு நிமிசம்தான் நல்லா இருந்தேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருல. ரெண்டும் வந்தன்னைக்கு நீதான எண்ணெய் போட்ட? பிளந்த தகடு எதுல இருந்துச்சு?"

யோசித்தேன். கோழியிறகை எண்ணெயில் நனைத்து, பிளந்த தகட்டின் நடுவே விட்டது ஞாபகம் வந்தது. வெளியே மழை. யாருடைய துப்பாக்கி? படுக்கை விரிப்பு ஈரமாக மூலையில் கிடந்ததுபோல ஞாபகம். அப்படியானால் அது அம்மாவுடையது. ஆனால் சார் வந்த அன்றைக்கும் மழைதான், ஆட்டோக்காரன் படுதாவை இறக்கிவிட்டிருந்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் பிளந்த தகடு சாருடையது என்று தோன்றியது. சாரைப் பார்த்தால் இல்லை, அம்மாவுடையதுதான் என்று தோன்றியது. நான் ஞாபகப்படுத்துகிறேனா, இரக்கப்படுகிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"தெரியல," என்றேன் மறுபடியும்.

"பேசாம பூக்கட்டிப் பாத்துருவோமா?" என்றார் முதலாளி. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, சாமி எதைச் சொல்கிறது என்று எடுத்துப் பார்ப்பது.

"எங்க அப்பா எப்படிச் செத்தாருன்னு பொட்டலத்தப் பிரிச்சுத்தான் தெரிஞ்சுக்கிடணுமா அண்ணாச்சி?" என்றார் காந்திமதி அம்மா.

பிறகு அவர் திரும்பி, முதல் தடவையாகச் சாரிடமே நேராகக் கேட்டார்.

"ஒங்க அப்பா என்ன சொன்னாவ? அவிய வாயால."

சார் மடியிலிருந்த போனை அணைத்தார்.

"ஒண்ணும் சொல்லல," என்றார். "அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. மலை இருக்க பக்கம் கட்டில் போட்டாக்கூட மாத்திப் போடச் சொல்லுவாரு. நோண்டுனாரு, தோட்டா வரலங்கறது எங்க அம்ம சொன்னது."

"ஒங்க அம்ம மலைக்குப் போனாளா?"

"இல்ல."

"எங்க அம்மயும் போகல," என்றார் காந்திமதி அம்மா.

இரண்டு பெண்கள், ஒருத்தி அம்பாசமுத்திரத்தில், ஒருத்தி பாளையங்கோட்டையில், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு நான் சொல்கிற கதைகளில் எத்தனை நான் பார்த்தது என்று அன்றைக்குத்தான் எனக்கும் சந்தேகம் வந்தது.

முதுகைத் திருப்பிக்கொண்டு

ஆனாலும் துப்பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. எஜெக்டரை யார் கொண்டுபோவது? சார் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அந்த அம்மாவும் கையை நீட்டவில்லை.

கடைசியில் அம்மாதான் சொன்னார். "தம்பி, ரெண்டையும் மூடு. நாங்க ரெண்டு பேரும் தெருப் பக்கம் திரும்பிக்கிடுதோம். எது யாருக்குன்னு நீ பாத்துக் குடு. எங்ககிட்ட சொல்லாத. நாங்களும் இனி தெறக்கல."

"சட்டப்படி அப்படி..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"சட்டத்துல இரட்டைக் குழல்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் இரட்டைக் குழல்தான்," என்றார் சார்.

இருவரும் திரும்பி நின்றார்கள். அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் வியர்வை மினுங்கியது. சார் சட்டைக் காலரில் ஒரு தையல் விட்டிருந்தது. முதலாளிகூட வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டு துப்பாக்கிகளையும் நான் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டில் உள்ளபடியே கொடுக்கலாம். சீட்டு தப்பாக இருக்கலாம். மாற்றிக் கொடுக்கலாம். சீட்டு சரியாக இருந்திருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் என்னைப் பெயிலாக்கிய கணக்குப் பரீட்சைத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் அப்படித் திகைத்ததில்லை.

கொடுத்தேன். இரண்டையும் கடையின் காக்கி உறைகளில் போட்டு, பொத்தானை மாட்டி, ஆளுக்கொன்றாகக் கையில் வைத்தேன். யாருக்கு எதை, எதற்காக அப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பேர் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

படியிறங்கியதும் சார் ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

"ஏ காந்தி, பஸ் ஸ்டாண்டுக்குத்தான? ஏறு. நானும் அந்தப் பக்கந்தான்."

அவர் அந்தப் பக்கம் இல்லை. பாளையங்கோட்டைக்காரர். எனக்கே தெரியும். காந்திமதி அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஏறிக்கொண்டார். சாருக்கு முழங்கால் மடங்கவில்லை. கம்பியைப் பிடிக்கக் கை வேண்டும் என்று தன் துப்பாக்கியை உள்ளே நீட்டினார். அந்த அம்மா வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து மடியில் படுக்கப்போட்டுக்கொண்டார். ஒரே மாதிரி இரண்டு காக்கி உறைகள், சீட்டு இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில். சார் உட்கார்ந்ததும் இரண்டையும் தூக்கி நடுவில் சாத்திவைத்தார்கள்.

"என்ன சார், சினிமா ஷூட்டிங்கா?" என்று ஆட்டோக்காரன் கேட்டது காதில் விழுந்தது.

இறங்கும்போது யார் எதை எடுப்பார்கள் என்று எனக்குத் திக்கென்றது. கூப்பிட வாயைத் திறந்தேன். ஆட்டோ புறப்பட்டுக் கொக்கிரகுளம் பக்கம் திரும்புகிறவரை வாயைத் திறந்தபடியே படியில் நின்றேன். கூப்பிடவில்லை.